முட்டை நேர்ச்சை

நான் முட்டை தின்ன அன்றைக்கு ஆஸ்பத்திரி கேன்டீனில் இருந்தவங்க இவங்கதான்.

டாக்டரம்மா. சாயர்புரத்துக்காரங்க. சின்ன வயசு. பக்கத்தில் ஒரு ட்ரேயில் ஊசியும் மருந்தும் எடுத்து வைத்திருந்தாங்க. எனக்கு ஏதாவது ஆனால் போடுவதற்கு.

சிஸ்டர். கன்னியாஸ்திரி. ஆலந்தலைக்காரங்க. நர்சுமாருக்கெல்லாம் தலைமை. எங்களை ஆப்பிரிக்காவுக்குக் கூட்டிப் போகிறவங்க.

வேன் டிரைவர். என் கூட்டாளி. அவனுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. வேடிக்கை பார்க்க வந்தான்.

கேன்டீன் அக்கா. முட்டை அவித்தது அவங்க.

என் கொழுந்தியா. அவளை நான்தான் வரச் சொன்னேன். எங்க பக்கத்தில் ஒரு பொம்பளையைப் பற்றி ஒரு காரியம் முடிவாகிறது என்றால் அவ வீட்டு ஆள் ஒருத்தராவது கூட இருக்கணும். பொண்ணு கேட்டாலும் சரி, பாகம் பிரித்தாலும் சரி. இது என் பெண்சாதி காரியம். அவ இல்லை. அதனால் அவ தங்கச்சி.

அப்புறம் நான்.

நான் மீன்பிடித் துறைமுகத்தில் படகுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். பேரும் எழுதுவேன். படிப்பு அஞ்சாம் வகுப்பு. எழுத்து மட்டும் நல்லா வரும். மாதா பேர், அந்தோணியார் பேர், முதலாளி மகள் பேர், எதைச் சொன்னாலும் படகு முன்பக்கம், அணியத்தில் எழுதிக் கொடுப்பேன்.

என் பெண்சாதி இந்த ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தா. இதை நடத்துகிற சபைச் சிஸ்டர்மாருக்கு ஆப்பிரிக்காவிலும் ஒரு ஆஸ்பத்திரி இருக்கு. அங்கே ஆள் இல்லை, யாராவது வருவீங்களா என்று கேட்டப்போ இவ கையைத் தூக்கிட்டா. சம்பளம் கிடையாது. சோறும் தங்க இடமும் மட்டும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. "ஒரு வருசம். போயிட்டு வந்துருதேன்" என்றா. நான் சரி என்றேன்.

எங்க ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கப்பலுக்குப் போகிறவனுக்காக வீட்டுப் பொம்பளைங்க ஒன்றை விடுவாங்க. ஒருத்தி பூ வைக்கமாட்டா. ஒருத்தி சீலா மீன் தின்னமாட்டா. மாதாவுக்கு நேர்ச்சை. போனவன் திரும்பி வந்து வாசலில் கால் வைத்த பிறகுதான் மறுபடியும் தொடுவாங்க. ஆம்பளை அப்படி விட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் எங்க வீட்டில் போனது பொம்பளை. அப்போ யார் விட? நான்தான் விடணும்.

முட்டையை விட்டேன்.

ஏன் முட்டை என்றால், எங்க வீட்டில் முட்டை அவித்தால் ரெண்டு அவிப்போம். ஆளுக்கு ஒன்று என்று இல்லை. ரெண்டு வெள்ளையும் எனக்கு. ரெண்டு மஞ்சக்கருவும் அவளுக்கு. கல்யாணம் ஆன முதல் வாரத்திலேயே அப்படி ஆகிப்போச்சு. நைட் டூட்டி முடிந்து காலையில் வருவா. நான் அடுப்பில் முட்டையைப் போட்டிருப்பேன். கையைக் கழுவிட்டு உட்கார்ந்து உரிப்பா. வெள்ளையை ரெண்டாகப் பிளந்து என் தட்டில் வைப்பா. மஞ்சளை அப்படியே முழுசாக வாயில் போடுவா. போட்டுக்கிட்டு பேசவும் செய்வா. ஒன்றும் விளங்காது.

அவ ரயில் ஏறின அன்றைக்கும் ஸ்டேஷன் பெஞ்சில் அப்படித்தான் தின்றோம். மறுநாள் மாதா கோயிலில் போய், அவ திரும்பி வார வரைக்கும் முட்டை தொடமாட்டேன் என்று சொன்னேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் துறைமுகத்தில் விடமாட்டானுங்க. பொம்பளை மாதிரி நேர்ச்சை வச்சிருக்கான் பாரு என்பானுங்க. கொழுந்தியாவுக்கு மட்டும் தெரியும். அவ கொண்டுவந்த முட்டைக் குழம்பை ரெண்டு தடவை திருப்பி அனுப்பினேன். மூன்றாம் தடவை அவ கேட்டா. சொன்னேன்.

கொரோனா வந்தது. விமானம் நின்றுபோச்சு. அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அங்கேயே இறந்தா. அங்கேயே அடக்கம் செய்தாங்க. அங்குள்ள சிஸ்டர் ஒருத்தங்க போனைப் பிடித்துக் காட்டினாங்க. பாதியில் படம் நின்றுபோச்சு. செம்மண்ணும் ஒரு மண்வெட்டியும் தெரிந்தது. அதோடு நின்றது.

ஊரே வந்து துக்கம் கேட்டது. பூசை வைத்தோம். எல்லாம் செய்தோம். முட்டையை மட்டும் நான் தொடவில்லை. வார வரைக்கும் என்றுதானே சொன்னேன். வரவில்லையே.

போன மழைக்காலத்தில் சிஸ்டர் ஆள் அனுப்பினாங்க. போனேன்.

"அங்கன பிள்ளைங்க வார்டு சுவரெல்லாம் உரிஞ்சு கெடக்கு. டாக்டர் வாராங்க, நர்சு ரெண்டு பேரு வாராங்க. பெயிண்டருக்கு அங்கன குடுக்கப் பணம் இல்லை. நீங்க வாரீங்களா அண்ணாச்சி? ஒரு மாசம். கூலி கிடையாது."

"படகுக்கு அடிக்கவன் செவுத்துக்கு அடிக்கமாட்டானா?"

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு."

சிஸ்டர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அவங்களுக்குத் தெரியும். என் பெண்சாதிகூட ஒரே வார்டில் வேலை பார்த்தவங்க.

பாஸ்போர்ட் எடுத்தேன். போட்டோவுக்கு மீசையை ஒதுக்கினேன். தேவையில்லை என்று போட்டோக்காரன் சொன்னான். இருந்தாலும் ஒதுக்கினேன்.

அந்த நாட்டுக்குப் போகணும் என்றால் மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போடணும். போட்டதற்கு அட்டை தருவாங்க. அட்டை இல்லை என்றால் போகமுடியாது. ஊசி போடுகிற இடம் துறைமுகத்துப் பக்கம். அவளுக்குப் போட நான்தான் வண்டியில் கூட்டிட்டுப் போனேன். அவ கைப்பையை வைத்துக்கொண்டு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். ஊசி போட்டுவிட்டு வந்து, "பசிக்கி, முட்டை பப்ஸ் வாங்கித் தாங்க" என்றா.

இந்தத் தடவை நான் உள்ளே போனேன். எனக்குப் பின்னால் கப்பலுக்குப் போகிற பயல்கள் வரிசையாக நின்றானுங்க. நர்சம்மா ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்தாங்க. சுகர் இருக்கா. இல்லை. பிரஷர். இல்லை.

"முட்டை ஒத்துக்குமா?"

"முட்டை தின்னமாட்டேன்."

"ஏன்? தடிப்பு வருமா? மூச்சு முட்டுமா?"

நான் தரையைப் பார்த்தேன். பின்னால் ஒரு பயல், "அண்ணாச்சி வெரசாச் சொல்லுங்க, பஸ்ஸு போயிரும்" என்றான். அத்தனை பேர் முன்னால், செத்துப்போன பெண்சாதிக்கு நேர்ச்சை என்று எப்படிச் சொல்ல?

"அப்படித்தான்னு வச்சுக்கிடுங்க" என்றேன்.

அவங்க எழுதிட்டாங்க. அங்கே இருந்த டாக்டரிடம் அனுப்பினாங்க. அவர் பார்த்துவிட்டு, இந்த மருந்தே முட்டையில் வளர்க்கிறதுதான், முட்டை ஒத்துக்காதவங்களுக்குப் போட்டால் ஆபத்து, உங்களுக்குப் போடமுடியாது என்றார்.

"இல்லை சார். ஒண்ணும் செய்யாது. போடுங்க."

அவர் சிரித்தார். "இங்க வர்றவங்க எல்லாரும் முதல்ல ஒண்ணு சொல்லுவாங்க, போடமாட்டேன்னா மாத்திச் சொல்லுவாங்க. ஊசியைப் போட்டுட்டு நீங்க விழுந்தா நான் என்ன செய்ய? உங்க டாக்டர் முன்னால முட்டை தின்னு பாருங்க. ஒண்ணும் ஆகலைன்னு எழுதி வாங்கிட்டு வாங்க."

அவர் மேல் தப்பு இல்லை. வாயைத் திறக்காதது நான்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னேன். சிஸ்டருக்கு முகம் மாறிப்போச்சு.

"டிக்கெட் இந்த வாரம் போட்டாகணும் அண்ணாச்சி. அட்டை இல்லைன்னா உங்க இடத்துல வேற ஆளை எடுக்கச் சொல்லுவாங்க. இதை விட்டா அடுத்து எப்பம்னு எனக்கே தெரியாது."

டாக்டரம்மா இது ஒரு விசயமே இல்லை என்கிற மாதிரி சொன்னாங்க. "நாளைக்கு மத்தியானம் கேன்டீனுக்கு வாங்க. என் முன்னாடி ஒரு முட்டை சாப்பிடுங்க. ஒரு மணி நேரம் உட்காருங்க. லெட்டர் தர்றேன். சின்ன வயசுல சாப்பிட்டிருக்கீங்களா?"

"சாப்பிட்டிருக்கேன்."

"எப்ப நிறுத்தினீங்க?"

"கொரோனாவுக்கு முந்தி."

"ஏன்?"

சிஸ்டர் என்னைப் பார்த்தாங்க.

அன்றைக்குச் சாயங்காலம் கொழுந்தியா வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து சாளை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தா.

"நாளைக்கு மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு வா."

"ஏன் அத்தான், உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லை. முட்டை தின்னணும்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவ மீனைக் கீழே வைக்கவில்லை. ஆனால் கை நின்றுபோச்சு.

"தின்னுறதுதானே" என்றா.

"உங்க அக்கா வார வரைக்கும்னு சொல்லியிருக்கேன்."

"அவ இனி எங்க அத்தான் வரப்போறா?"

"தெரியும்."

"தெரிஞ்சா பின்ன என்ன?"

"தின்னா, அவ வரமாட்டான்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும்லா."

அவ இன்னொரு மீனை எடுத்துச் செதிலை உரசினா. பூனை ஒன்று வந்து நின்றது. அதை விரட்டவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க போகலைன்னா அவளை யாரு போய்ப் பாக்கப்போறா?" என்றா. "நான் போவேனா? எனக்கு மதுரைக்கே வழி தெரியாது."

நான் எழுந்தேன்.

"எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டா.

மறுநாள் நான் போகும்போது டிரைவர் எனக்கு முந்தியே போய் உட்கார்ந்திருந்தான். சிஸ்டர் சொல்லியிருப்பாங்க.

"ஏலே, கடல்ல தலைகீழாத் தொங்கிக்கிட்டுப் பேரு எழுதுதே. ஒரு முட்டைக்குப் பயந்துட்டியே!"

"நீ சும்மா இரு."

"அக்கா, அவிச்சது எதுக்கு? ஆம்லெட்டாப் போடுங்க. வெங்காயம் நிறைய. எனக்கும் ஒண்ணு. எனக்கும் டெஸ்டு எடுக்கணும்."

"உனக்கு என்ன டெஸ்டு வேண்டிக் கெடக்கு? மூணு ஆம்லெட்டுக்கு இன்னும் காசு தரலை நீ" என்றாங்க கேன்டீன் அக்கா.

டாக்டரம்மாவும் சிரித்தாங்க. அவித்ததே போதும் என்றாங்க. ஒரு சின்னத் தட்டில் முட்டை வந்தது. ஓட்டோடு. நானே உரித்தேன். ஓடு சரியாக வரவில்லை. வெள்ளையும் சேர்ந்து பிய்ந்து வந்தது. உரிக்கிறது எப்பவும் அவதான்.

முதலில் கொஞ்சம் பிய்த்துத் தின்னச் சொன்னாங்க. தின்றேன். நாடி பிடித்துப் பார்த்தாங்க. கழுத்தைப் பார்த்தாங்க. நாக்கை நீட்டச் சொன்னாங்க. கால் மணி நேரம் காத்திருந்தோம். டிரைவர், "ஏலே, கொக்கரக்கோன்னு கூவிராதே" என்றான்.

"இனி மீதியைச் சாப்பிடுங்க" என்றாங்க.

வெள்ளையை ரெண்டாகப் பிளந்தேன். தின்றேன். உப்பு இல்லை. தட்டில் மஞ்சக்கரு மட்டும் இருந்தது. தட்டைத் தள்ளி வைத்தேன்.

"அது?" என்றாங்க டாக்டரம்மா.

"அது எனக்கில்லை."

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துட்டுது.

"முழுசாச் சாப்பிட்டாத்தான் நான் எழுத முடியும் அண்ணாச்சி. உங்களுக்கு இல்லைன்னா யாருக்கு?"

கொழுந்தியாதான் சொன்னா.

"எங்க அக்காளுக்கு."

டாக்டரம்மா சிஸ்டரைப் பார்த்தாங்க. சிஸ்டர் மெதுவாகச் சொன்னாங்க. இவர் வீட்டம்மா நம்ம ஆஸ்பத்திரி நர்சுதான், நாம போகிற இடத்தில்தான் இறந்தாங்க, அங்கதான் அடக்கம் என்று. டிரைவர் எழுந்து போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தான்.

டாக்டரம்மா, "வேண்டாம். வெள்ளைதான் முக்கியம். இதை வச்சே எழுதிக்கலாம்" என்றாங்க.

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். முடியாது, தின்னுங்க என்றிருந்தால் கட்டாயத்துக்குத் தின்ன மாதிரி இருந்திருக்கும். இப்போது நானாகத்தான் முடிவு செய்யணும்.

கொழுந்தியா பக்கம் பார்த்தேன். அவ தலையை ஆட்டினா. சரி என்கிறாளா, வேண்டாம் என்கிறாளா என்று கேட்டால், சரி என்றுதான்.

மஞ்சக்கருவை எடுத்து முழுசாக வாயில் போட்டேன்.

மாவு மாதிரி இருந்தது. மேலண்ணத்தில் ஒட்டிக்கிட்டுது. முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இதுக்குத்தானா இத்தனை வருசம் பங்கு போட்டா என்று நினைத்தேன். இதை வாயில் வைத்துக்கொண்டு அவ எப்படித்தான் பேசினாளோ. தண்ணீர் குடித்தேன். இறங்கிட்டுது.

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கேன்டீன் அக்கா எல்லாருக்கும் டீ கொடுத்தாங்க. சிஸ்டர் என் பெண்சாதியைப் பற்றிப் பேசினாங்க. வார்டில் தின்னமாட்டேன் என்று அடம் பிடிக்கிற நோயாளியிடம், "நீங்க வெள்ளையைத் தின்னுங்க, மஞ்சளை நான் தின்னுதேன்" என்று சொல்லுவாளாம். எனக்கு அது தெரியாது. வீட்டில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது கொழுந்தியா, "வாரேன் அத்தான்" என்றா. கண்ணைத் துடைக்கவில்லை. நானும் இல்லை. எங்க ரெண்டு பேருக்கும் அது வராது.

லெட்டரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஊசி போட்டாங்க. அட்டை தந்தாங்க. வெளியே வந்து அதே வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். என் பையை நானே பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் மூட்டை கட்டுகிற வேலை. ஆஸ்பத்திரி ஹாலில் பெட்டிகளைப் பரத்தி வைத்திருந்தாங்க. ஆளுக்கு ரெண்டு பெட்டி விமானத்தில் விடுவாங்களாம். அந்தப் பெட்டியெல்லாம் ஆஸ்பத்திரிச் சாமான். கையுறை, தையல் நூல், பஞ்சு, பிள்ளைங்களுக்கு மருந்து. நம்ம துணிமணி தோள்பையில் அடங்கணும். நர்சுப்பிள்ளை ஒருத்தி கருவாடு ஒளித்து வைத்திருந்தா. சிஸ்டர் மோந்தே கண்டுபிடிச்சிட்டாங்க.

"ஏளா, இந்த வாடையோட போனா நம்மளை இறக்கி விட்டுருவான்!"

பெயிண்டும் கொண்டுபோகக் கூடாது. தீப்பிடிக்கும் சாமான். அங்கே வாங்கிக்கலாம் என்றாங்க. பிரஷ் மட்டும் எடுத்துக்கொண்டேன். சுவருக்கு அகலமானது. எழுத்துக்கு மெல்லிசு. மண்ணெண்ணெய் வாடை போகச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்தேன். எங்க ஊர்க் காற்றில் எதுவும் லேசில் காயாது. அவ அங்கேயிருந்து போனில் சொல்லுவா. "இங்கன கடல் இல்லை. காத்துல உப்பே இல்லை. துணி போட்டவுடனே காஞ்சிருது. ஆனா எனக்குப் புடிக்கலை."

மெல்லிசுப் பிரஷ் வார்டுக்குத் தேவையில்லை. சிஸ்டர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாங்க. பிறகு என் பையிலேயே வைத்துவிட்டாங்க.

அங்கேயிருந்து ஒரு போட்டோ வந்திருந்தது. அவ கல்லறைச் சிமெண்டுச் சிலுவை. வெறுமனே நிற்கிறது. பலகையில் பேர் எழுதி வைத்திருந்தாங்களாம். கரையான் அரிச்சிட்டுதாம். நான் எழுதிக்கொள்கிறேன், யாரையும் எழுத விடாதீங்க என்று அங்கே சொல்லச் சிஸ்டரிடம் சொன்னேன்.

அவ அடிக்கடி கேட்பா. "ஊர்ப் படகுக்கெல்லாம் பேரு எழுதுதீங்க. எம்பேரை எதுலயாவது எழுதினீங்களா?"

"நமக்குன்னு படகு வாங்கினா எழுதுதேன்" என்பேன்.

வாங்கவில்லை. என் கூலிக்குப் படகு எங்கே வாங்க.

கிளம்புகிற நாளும் வந்தது. மத்தியானம் ரயில். சென்னை போய் அங்கேயிருந்து விமானம். கொழுந்தியா காலையிலேயே வந்துட்டா.

"வழிக்கு என்ன கட்டித் தரட்டும் அத்தான்? புளிச்சோறு கிண்டட்டுமா?"

"வேண்டாம். நானே பாத்துக்கிடுதேன்."

"நீங்க என்னத்தப் பாப்பீங்க?"

அவ குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தா. அடுப்பைப் பற்றவைத்தேன். பழைய சட்டிதான். தண்ணீர் ஊற்றினேன். ஓடு வெடிக்காமல் இருக்கக் கல்லுப்புப் போடணும் என்று அவ சொல்லுவா. போட்டேன். முட்டையை எடுத்து வைத்தேன்.

ரெண்டு.